‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ படத்தில் சரக்கு இருக்கிறதா, வெறும் அசிங்கமா?

கடலூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. கல்லூரித் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மஞ்சக்குப்பத்தில் ஒருத்தி வீட்டில் எல்லாரும் கூடி ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ படம் பார்த்தார்களாம். பாதிப் பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மீதிப் பேர் “சீ, இதெல்லாம் ஒரு படமா” என்று நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். “ஆம்பளைங்க காமெடியில் வருகிற அசிங்கத்தைத் தூக்கிப் பொம்பளைங்க தலையில் வைத்தால் அது புதுமை ஆகிவிடுமா? இந்தப் படத்தில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா? நலங்குக்கு அத்தை, சித்தி எல்லாரும் வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேட்கிறார்.

சரக்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் எல்லாரும் பேசுகிற அந்த வாந்தி பேதி சீனை மட்டும் வைத்து எடைபோட்டால் அது கண்ணில் படாது. காசில்லாத ஒரு பெண்ணின் கூச்சத்தோடு பச்சைத்தனம் ஒட்டி வரும் இடங்களில் இந்தப் படம் எந்த நல்ல காமெடிக்கும் குறையாமல் நிற்கிறது. “எங்களாலும் இப்படிப் பேச முடியும் பார்” என்று காட்டுவதற்காகவே பச்சைத்தனம் வரும்போது சறுக்குகிறது. படம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. உங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதலில் படத்தின் ஜாதகம். 2011 மே மாதம் அமெரிக்காவில் வெளியானது. எழுதியவர்கள் கிறிஸ்டன் விக், ஆனி முமோலோ என்ற இரண்டு பெண்கள். கதாநாயகியாக நடித்ததும் விக்தான். இயக்கம் பால் ஃபீக். தயாரித்தவர்களில் முக்கியமானவர் ஜட் அபடோ, ஆண்களின் பச்சைக் காமெடியில் அப்போது கொடிகட்டிப் பறந்தவர். சுமார் 3.25 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. திரைக்கதைக்கு ஒன்று, துணை நடிகையாக மெலிசா மெக்கார்த்திக்கு ஒன்று என்று இரண்டு ஆஸ்கார் பரிந்துரைகளும் வந்தன. விருது இரண்டுமே கிடைக்கவில்லை. இந்த மாதிரிப் படத்துக்குப் பரிந்துரை கிடைப்பதே அரிது.

கதாநாயகி ஆனி மில்வாக்கி நகரத்துக்காரி. ஆசையாகத் தொடங்கிய கேக் கடை பொருளாதார மந்தத்தில் மூழ்கிவிட்டது. கூட இருந்தவனும் போய்விட்டான். இப்போது ஒரு நகைக்கடையில் விற்பனை வேலை, வாடகை கட்ட முடியாத வீடு, பின்விளக்கு எரியாத கார். சின்ன வயதிலிருந்து உயிர்த்தோழியான லில்லியனுக்குக் கல்யாணம் முடிவாகிறது. மணப்பெண்ணுக்குத் துணைநிற்கும் தோழிகளில் முதன்மையானவளாக ஆனி இருக்க வேண்டும். அமெரிக்க வழக்கப்படி விருந்து, பயணம், புடவை போல ஒரே மாதிரி உடுப்பு எல்லாவற்றையும் அவள்தான் முன்னின்று நடத்த வேண்டும். அங்கே வந்து சேர்கிறாள் ஹெலன். மாப்பிள்ளையின் முதலாளிக்கு மனைவி. பணம், அழகு, செல்வாக்கு எல்லாம் உண்டு. லில்லியனுக்கு யார் நெருக்கம் என்று இந்த இருவருக்கும் நடக்கும் போட்டிதான் படம்.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது நடக்கும் கல்யாணங்களைப் பாருங்கள். தோழிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. எல்லாரும் ஒரே கலரில் பட்டு எடுக்கலாம் என்று ஒருத்தி போடுவாள். மெஹந்திக்குத் தனி உடுப்பு, கடற்கரைச் சாலையில் விடியற்காலை போட்டோ ஷூட், மணப்பெண்ணுக்குச் சேர்ந்து தங்கத்தில் ஏதாவது. “தலைக்கு இவ்வளவுதான் வருது” என்று கணக்கும் வரும். அந்தக் குழுவில் ஒருத்திக்கு வேலை போயிருக்கும், அல்லது வீட்டில் கடன் இருக்கும். அவள் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு அன்று இரவு தூங்க மாட்டாள். அந்த ஒருத்தியைப் பற்றி நம் சினிமாவில் ஒரு முழுப்படம் வந்ததாக எனக்கு நினைவில்லை. இவர்கள் எடுத்திருக்கிறார்கள், அதையும் சிரிக்க வைத்து எடுத்திருக்கிறார்கள். படத்தின் முதல் பலம் இது.

உங்கள் தோழிகள் எழுந்து போனது அநேகமாகக் கல்யாண உடுப்புக் கடை சீனில்தான் இருக்கும். அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆனி தன் கையிருப்புக்குத் தகுந்தபடி, பார்வைக்குச் சுமாரான ஒரு பிரேசில் உணவகத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போகிறாள். அங்கிருந்து ஒரு பெரிய உடுப்புக் கடைக்குப் போகிறார்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடாத கடை, ஹெலன் பெயரைச் சொன்னதும் கதவு திறக்கிறது. வெள்ளைக் கம்பளம், வெள்ளைச் சுவர். அங்கே வைத்து ஒவ்வொருத்திக்கும் வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கிறது. ஒருத்தி கழிவறைக்கு ஓடுகிறாள், ஒருத்தி கைகழுவும் தொட்டியில் ஏறி உட்கார்கிறாள். கல்யாண உடுப்பைப் போட்ட கோலத்தில் லில்லியன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறாள்.

இவ்வளவும் நடக்கும்போது, என்னைப் பொறுத்தவரை சீனின் உயிர் கடைக்குள்ளே இருக்கிறது. ஆனியும் ஹெலனும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆனியின் முகம் வெளிறி, வேர்த்து ஊற்றுகிறது. “உனக்கும் உடம்பு சரியில்லையோ” என்ற தோரணையில் ஹெலன் புன்னகையோடு விசாரிக்கிறாள். சாப்பாட்டில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டால், மலிவான இடத்துக்குக் கூட்டிப்போனது தானே என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஆனி மறுக்கிறாள். பசிக்கிறது என்கிறாள். சர்க்கரை பூசிய ஒரு பாதாம் பருப்பை ஹெலன் நீட்ட, வாங்கி வாயில் போட்டு மென்று காட்டுகிறாள். வாந்தியை விட அந்த ஒரு பாதாம் பருப்பு எனக்கு அதிகம் சிரிப்பும் அதிகம் வலியும் தந்தது. வறுமையை மறைக்க உடம்பு படும் பாடு அது. பணம் இல்லாத இடத்திலிருந்து பணம் உள்ள இடத்துக்குச் சம்பந்தம் பேசப் போன எந்தக் குடும்பத்துக்கும் அந்த முகம் தெரியும்.

இங்கே ஒரு பின்கதை உண்டு. இந்தச் சீன் விக்கும் முமோலோவும் முதலில் எழுதியதில் இல்லை. அபடோவும் ஃபீக்கும் சேர்க்கச் சொன்னது. எழுதிய இருவருக்கும் தொடக்கத்தில் தயக்கம் இருந்திருக்கிறது. ஆகவே “ஆண்கள் காமெடியின் அசிங்கம்” என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாந்தி வந்த வழி அதுதான். பாதாம் பருப்பில் இருப்பது அந்த வழியில் வந்ததல்ல. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தோற்காமல் நிற்கப் பார்க்கும் அந்தத் தினுசு படம் முழுக்க ஓடுகிற சரடு. கொடுத்த அசிங்கத்தைக் கையில் வாங்கித் தங்கள் கதைக்கு வேலை செய்ய வைத்துவிட்டார்கள். தெருவில் லில்லியன் உட்காரும் ஷாட்டில் மட்டும் அந்த வேலை நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அது பார்ப்பவரை அதிரவைப்பதற்காக மட்டுமே இருக்கிறது, லில்லியன் யார் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

படத்தின் ஆகச் சிறந்த சீனில் ஒரு கெட்ட வார்த்தை கூடத் தேவைப்படவில்லை. நிச்சயதார்த்த விருந்தில் ஆனி மைக்கைப் பிடித்து லில்லியனைப் பற்றி நாலு வார்த்தை அன்பாகப் பேசுகிறாள். ஹெலன் வந்து மைக்கை வாங்கி அதைவிட உருக்கமாகப் பேசுகிறாள். ஆனி திரும்ப வாங்குகிறாள். ஹெலன் திரும்ப வாங்குகிறாள். வேற்றுமொழி வசனம், கண்ணீர், கடைசியில் பாட்டு. யாரும் யாரையும் திட்டவில்லை. பாராட்டு ஒவ்வொன்றும் எதிரிக்கு விழும் அடி. நம் பள்ளு இலக்கியத்தில் மூத்தவளும் இளையவளும் மாறி மாறி ஏசிக்கொள்ளும் பகுதியைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. அங்கே வசவு, இங்கே புகழ். விஷயம் ஒன்றுதான்: ஓர் ஆளின் பக்கத்தில் இருக்கும் இடம் யாருக்கு.

இந்த இடத்தில் எழுந்து போன தோழிகளிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெண்கள் பச்சையாகப் பேசிச் சிரிப்பது வெள்ளைக்காரி கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். நலங்கில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடிய பாட்டுகளை உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். நடவு வயலில் பெண்கள் மட்டும் இருக்கும்போது வந்த பாட்டுகளில் பல, மேடையில் பாட முடியாதவை. புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இந்த ஊரிலேயே கடைசிவரை இருந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், கிராமத்து வாய்மொழிப் பாலியல் கதைகளைத் தொகுத்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பெயரும் வைத்து வெளியிட்டார். பேச்சு எப்போதும் இருந்தது. யார் காதில் விழலாம் என்பதில்தான் கட்டுப்பாடு.

மேடை ஆண்களுக்கு. தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் விடிய விடியப் பச்சையாகப் பேசுவான், கிழவிகள் உட்பட ஊரே சிரிக்கும். பெண் வேஷம் கட்டுவதும் ஆண்தான். சினிமாவிலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், கோவை சரளா ‘சதி லீலாவதி’யில் கமலுக்குச் சமமாக நின்றவர். காமெடியில் இவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இரட்டை அர்த்தம் என்று வந்தால் வசனம் ஆணின் வாயிலும், அதன் குறி பெண்ணின் உடம்பிலும் இருக்கும். 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரையும் நடுவில் வைத்து, பிணமாக நடித்த நாகேஷோடு சேர்த்து அமர்க்களமான காமெடி செய்தது. இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். பெண்ணின் ஆசையைப் பெண்ணே கேலியாகப் பேசும் பக்கத்துக்கு மட்டும் அது போகவில்லை.

2019இல் ஓவியா நடித்த ‘90 எம்எல்’ அந்தப் பக்கத்துக்குப் போனது. இயக்கியவர் அனிதா உதீப், ‘அழகிய அசுரா’ என்ற பெயரில். ‘ஏ’ சான்றிதழோடு வந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாக வரும் பெண்ணும் அங்கிருக்கும் நான்கு பெண்களும் சேர்ந்து குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், வாழ்க்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் குடிப்பதும் பேசுவதுமே சாதனையாகக் காட்டப்படுகிறது. பேசும் பெண்ணுக்கு எது கூச்சம், எது பயம் என்பது அழுத்தமாகப் பிடிபடுவதற்குள் அடுத்த பாட்டில் திறந்துவிடுகிறது. ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ படத்தில் ஆனி முதல் சீனிலேயே படுக்கையில்தான் அறிமுகமாகிறாள். டெட் என்ற பணக்காரன், நடிப்பு ஜான் ஹாம். காரியம் முடிந்ததும் அவளைப் போகச் சொல்லிவிடுகிறான். வெளியே வந்தால் இரும்புக் கேட் பூட்டியிருக்கிறது. ஏறிக் குதிக்கப் பார்க்கிறாள். பாதியில் கேட் தானாகத் திறக்க, அதன் மேல் உட்கார்ந்தபடியே நகர்கிறாள். சில நிமிடங்களில் இந்தப் பெண் தன்னை எவ்வளவு மலிவாக விலைபோட்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பச்சைத்தனம் கதாபாத்திரத்திலிருந்து வருவது என்றால் இதுதான்.

கல்யாணத்துக்கு முந்தைய ஆண்களின் கூத்தைப் பற்றி 2009இல் ‘தி ஹேங்ஓவர்’ என்ற படம் லாஸ் வேகாஸில் நடந்து பெரிய வெற்றி கண்டது. இந்தப் பெண்களும் வேகாஸுக்குத்தான் கிளம்புகிறார்கள். புதுச்சேரியில் வசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறு ஆனால் ஈசிஆர் வழியாகக் கல்யாணமாகப் போகிற மாப்பிள்ளையோடு நண்பர் பட்டாளம் இங்கே இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மணப்பெண்ணின் தோழிகள் அப்படிக் கிளம்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. படத்திலும் அவர்கள் போய்ச் சேர்வதில்லை. ஹெலன் காசில் முதல் வகுப்பு டிக்கெட் வேண்டாம் என்று ஆனி பின்னால் உட்கார்கிறாள். பறக்கப் பயம். ஹெலன் கொடுத்த மாத்திரையும் மதுவும் சேர்ந்து தலைக்கு ஏற, திரைக்கு அந்தப் பக்கம் முதல் வகுப்புக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து ரகளை செய்கிறாள். விமானத்தை வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் ஊரில் இறக்கிவிடுகிறார்கள், எல்லாரும் பஸ்ஸில் வீடு திரும்புகிறார்கள். குடித்துக் கூத்தடிக்கும் பயணத்தைக் கூட ஒருத்தியின் டிக்கெட் வகுப்பு கெடுத்துவிடுகிறது. விக்கின் நடிப்பு இதில் அபாரம். பயம், பொறாமை, போதை மூன்றும் ஒரே முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்.

மெலிசா மெக்கார்த்தி நடித்த மேகன் பாத்திரத்தில் எனக்கு இரண்டு மனம். எழுத்தில் அவள் உடம்பு பெருத்த, ஆண்மை கலந்த, ஆண்களைத் துரத்துகிற பெண் என்ற பழைய கேலிச் சித்திரம்தான். குண்டாக இருக்கும் பெண்ணுக்கு ஆசை இருப்பதே ஜோக் என்று தமிழ் சினிமாவும் பல காலம் செய்தது, எனக்கு அது எப்போதும் கசக்கும். மெக்கார்த்தி அதற்குள் கூச்சமே இல்லாத ஒரு மனுஷியைக் கொண்டுவந்து வைத்தார். ஆனி எல்லாம் போய் அம்மா வீட்டு சோபாவில் முடங்கிக் கிடக்கும்போது தேடி வருவது மேகன் ஒருத்தி. அடித்து, புரட்டி, “வாழ்க்கை உன்னை அடிக்கிறது என்றால் திருப்பி அடி” என்கிற மாதிரி ஆட்டிவைக்கிறாள். பள்ளியில் தான் பட்ட அவமானத்தையும் இன்று நல்ல அரசாங்க வேலையில் இருப்பதையும் சொல்கிறாள். அந்த ஒரு சீன் அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்ததற்குக் கணக்கு கேட்கிறது. முழுக்கக் கணக்கு தீர்ந்ததா என்றால் இல்லை. கடைசியில் அவளைப் படுக்கையறை ஜோக்குக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

குறைகளில் பெரியது நீளம். 125 நிமிடம் இந்தக் கதைக்கு அதிகம். நடிகர்களைச் சொந்தமாகப் பேசவிட்டு எடுத்ததில் சில இடங்கள் பொன்னாக விளைந்திருக்கின்றன, சில இடங்கள் வெட்ட மனமில்லாமல் விட்டவை. ஆனியோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தங்கை ஜோடி சுத்த மொக்கை. மூன்று பையன்களைப் பெற்றுச் சலித்துப்போன ரீட்டா, கணவனைத் தவிர யாரையும் அறியாத புதுப்பெண் பெக்கா என்று இரண்டு தோழிகள் வருகிறார்கள். விமானத்தில் குடித்துவிட்டு இருவரும் தங்கள் கல்யாண வாழ்க்கையைப் பற்றி மனம் விட்டுப் பேசும்போது படம் புதிதாக ஒரு கதவைத் திறக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு என்ன என்று சொல்ல அவர்கள் இருவரால் முடியும். விமானம் இறங்கியதும் அவர்கள் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. எழுதியவர்கள் பெண்களாக இருந்தும் இதைக் கைவிட்டதுதான் எனக்கு வருத்தம். லில்லியனும் அப்படித்தான். மாயா ருடால்ஃப் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் இழுக்கும் கயிறாகவே பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள்.

காதல் பகுதி சுமார். ரோட்ஸ் என்ற போலீஸ்காரராக வரும் கிறிஸ் ஓ’டவுட் இதமான நடிகர். ஆனியை மறுபடி கேக் செய்யச் சொல்லி மாவும் முட்டையும் வாங்கிவந்து வைக்கிறார், அவளோ கோபித்துக்கொண்டு ஓடுகிறாள். அதற்கு முன்பே வீட்டில் தனியாக ஒரே ஒரு கப் கேக்கை மணிக்கணக்கில் அலங்கரித்து அவள் தானே சாப்பிடும் சீன் வந்துவிட்டதால், அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. படத்தில் சிரிப்பில்லாத மிக நல்ல இடம் அந்தக் கப் கேக்.

அதனால்தான் முடிவு என்னை உறுத்துகிறது. ஹெலன் ஏற்பாடு செய்த அதே ஆடம்பரக் கல்யாணம் நடக்கிறது, வில்சன் பிலிப்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியர் குழு நேரில் வந்து பாடுகிறது, தோழிகள் ஆடுகிறார்கள், போலீஸ் காரில் காதலன் வந்து நிற்கிறான். ஹெலனும் உள்ளுக்குள் நட்பில்லாத தனியாள்தான் என்று காட்டியதை நான் பாராட்டுகிறேன். ஹெலனாக நடித்த ரோஸ் பைர்ன் அதை மிகையில்லாமல் செய்திருக்கிறார். ஆனால் ஆனியின் கேக் கடை? வாடகை? வேலை? பணத்தால் வந்த வலியை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படம், தோழியும் காதலனும் திரும்பக் கிடைத்ததும் பணத்தை மறந்துவிடுகிறது. இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று லில்லியன் கல்யாணத்தன்றே வீட்டுக்குள் முடங்கிவிடுகிறாள். அந்தக் கேள்வியையும் ஒரு ஜோக்கோடு முடித்து அதே மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்.

இந்தப் படத்தின் வசூலுக்குப் பிறகு ஹாலிவுட்டில் பெண்களை வைத்துப் பச்சைக் காமெடிக்குப் பணம் போடும் தயக்கம் குறைந்தது. அவற்றில் 2017இல் வந்த ‘கேர்ள்ஸ் ட்ரிப்’ பாருங்கள். நான்கு கறுப்பினத் தோழிகள் நியூ ஆர்லியன்ஸ் போகும் கதை. டிஃபனி ஹாடிஷ் என்ற நடிகைக்காகவே பார்க்கலாம். பச்சைத்தனம் இதைவிட அதிகம், உங்கள் எழுந்து போன தோழிகளுக்கு ஆகாது.

நலங்கு நாளில் அத்தை, சித்தியோடு முழுப்படம் போட வேண்டாம். தொடக்கமே படுக்கையறை, அதில் ஆரம்பித்தால் பெரியவர்கள் யாரும் அதற்குப் பிறகு சிரிக்க மாட்டார்கள். மைக் பிடுங்கும் நிச்சயதார்த்த சீனை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். யார் யாரைக் குத்துகிறார்கள் என்பது மொழி தெரியாமலே புரியும், சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து சிரிப்பார்கள். தோழிகள் மட்டும் இருக்கும் இரவுக்கு முழுப்படத்தை வைத்துக்கொள்ளலாம். எழுந்து போனவர்களை வற்புறுத்த வேண்டாம், அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். திரையரங்கில் வந்ததைவிடச் சில நிமிடம் கூடுதலான ஒரு பதிப்பும் கிடைக்கிறது. அதைத் தேடிப் போகாமல் 125 நிமிடப் பதிப்பையே போடுங்கள்.